கடல் மேடைக்கு வராத கடல் நாடகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், ஓரங்க இசை நாடகம் தொடங்குமுன் நிகழ்த்திய உரை)

   

இன்னும் அரைமணி நேரத்தில் இம்மேடையில் ஓர் இசை நாடகம் நடைபெற இருக்கின்றது. அதற்கு முன் நாடகக் குழுவின் சார்பில் சில சொல்லும் பணி நமக்கு அளிக்கப்பட்டுள்ளது. நாம் புலவர் அல்லோம், இசைவாணரும் அல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்து, பார்சல் சீட்டுகளோடும் பயணச்சீட்டுகளோடும் காலங்கழித்து வருபவரே ஆவோம். ஆயினும் இந்நாடகத்தை ஆறு திங்களாகச் சுமந்து திரிந்தவர்களில் நாமும் ஒருவர் என்ற உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமையைக் கொண்டே பேச முற்படுகிறோம்.

இந்நாடகத்தைத் தெரிந்தெடுத்த நாள்முதல் ஒரு கேள்வி நம்மைத் தொடர்ந்து வந்தது. "ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறோம், புத்தாடை உடுத்திக் குழந்தை குட்டிகளோடு வருகிறோம், அந்நாளில் ஓர் அழுகை நாடகமா?" என்பதே அக்கேள்வி. கேட்டவர்கள் நம்மிடம் பகை கொண்டவர்கள் அல்லர். சங்கத்தின் நலத்தையே நாடுபவர்கள். ஆதலின் அதற்கு விடையிறுக்காமல் திரையை விலக்குவது முறையன்று எனக் கருதினோம். இவ்வுரை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு நாம் தரும் விடையே எனக் கொள்ளுங்கள்.

முதற்கண் நாடகம் எங்கிருந்து வந்தது என்பதைக் கூறிவிடுகிறோம். அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரைக்கு அப்பால் ஆரன் தீவுகள் என்று மூன்று சிறு தீவுகள் உள்ளன. கல்லும் காற்றுமே மிகுந்த அத்தீவுகளுக்கு 1898-ஆம் ஆண்டில் சிஞ்ச் என்னும் எழுத்தாளர் சென்றார். கவிஞர் யேட்ஸ் கூறிய அறிவுரையே அவரை அங்கு அனுப்பிற்று. அதன்பின்னும் ஆண்டுதோறும் சென்று, மீனவர் குடில்களில் தங்கி, அவர்கள் பேச்சையும் பாட்டையும் கேட்டுவந்தார். அவ்வாறு கேட்டதன் விளைவாகப் பிறந்ததே 'கடலை நோக்கிச் செல்வோர்' என்று நாம் தமிழிற் சொல்லத்தக்க ஓரங்க நாடகம். 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அது டப்ளின் நகரில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. ஐந்தாண்டு கழித்து, 1909-இல், முப்பத்தெட்டு வயது நிரம்புமுன் சிஞ்ச் மறைந்தார்.

அந்நாடகத்தை ஆங்கில நாட்டு இசை மேதை வாகன் வில்லியம்ஸ் இசை நாடகமாக்கினார். 1925-இல் தொடங்கிய வேலை 1932-இல் முடிந்தது. 1937-இல் இலண்டன் அரச இசைக் கல்லூரியில் அது அரங்கேறிற்று. நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும் சிறு நாடகம் அது. நாற்பது நிமிடத்திற்கு ஏழாண்டு உழைப்பு! அவர் சிஞ்ச் எழுதிய சொற்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார். தம் பெருமைக்கென்று தனிப்பாட்டு ஒன்றும் புகுத்தவில்லை.

கதை மிகச் சிறியது. மவுரியா என்னும் கிழத்தாய், அவளுக்கு இரு பெண்கள், ஓர் ஆண்மகன். பெற்றதோ ஆறு ஆண்மக்கள். அவர்களுள் நால்வரையும், கணவனையும், கணவனின் தந்தையையும் கடல் முன்னரே கொண்டுபோயிற்று. ஐந்தாமவன் மைக்கேல் ஒன்பது நாளாகக் காணப்படவில்லை. தொலைவிலுள்ள ஒரு கரையில் ஒதுங்கிய உடலினின்று எடுத்த ஆடை, ஒரு சிறு மூட்டையாக வீட்டிற்கு வந்து சேர்ந்திருக்கிறது. தாய் அறியாமல் பெண்கள் இருவரும் மூட்டையை அவிழ்க்கிறார்கள். கடைசி மகனோ குதிரை விற்கச் சந்தைக்குப் புறப்படுகிறான். கடல் கடந்து செல்ல வேண்டும். தாய் தடுக்கிறாள், அவன் கேட்கவில்லை. அவனுக்கு வாழ்த்தும் சொல்லாமல், அப்பமும் கொடுக்காமல் அனுப்பிவிடுகிறாள். பின்னர் மனம் பொறாமல், அப்பத்தை எடுத்துக்கொண்டு வழியிலுள்ள ஊற்றுக்கு விரைகிறாள். அங்கும் அவளால் வாழ்த்தைச் சொல்ல முடியவில்லை. சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. சிறிது நேரத்தில் அவனையும் நீர் சொட்டச் சொட்டத் தூக்கி வருகிறார்கள். இனிக் கடல் கொள்ளுவதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதனாலேயே அவளுக்கு ஓர் அமைதி வருகிறது. அவ்வளவே கதை.

இந்நாடகத்தில் கொடியவன் ஒருவன் இல்லை; சண்டை இல்லை; சூழ்ச்சி இல்லை. யாவற்றினும் வியப்பு என்னவெனில், கடலே மேடைக்கு வருவதில்லை. ஓர் அடுக்களை, ஒரு கதவு, ஒரு கயிறு, சுவரிற் சாய்த்துவைத்த சில வெள்ளைப் பலகைகள். இவற்றைக்கொண்டே கடலின் பேராற்றலை ஆசிரியர் காட்டிவிடுகிறார். பலகைகள் மைக்கேலின் உடல் கிடைத்தால் சவப்பெட்டி செய்வதற்கென்று வாங்கி வைத்தவை. கடைசியில் அவை தம்பிக்குப் பயன்படுகின்றன. பலகை வாங்க நினைத்த தாய் ஆணி வாங்க மறந்துவிட்டாள். இத்தனை சாவு கண்டவள் ஆணியை மறக்கலாமோ என்று அங்குள்ள ஒருவர் வியக்கிறார். அன்பர்களே! அந்த ஆணி ஒன்று போதும், அவள் நெஞ்சம் எவ்வாறு இருந்தது என்று நாம் அறிவதற்கு.

மூட்டையிலிருந்த ஆடை மைக்கேலுடையதுதான் என்று எவ்வாறு உறுதி செய்தனர்? முகம் கண்டு அன்று. உடல் கண்டு அன்று. காலுறையைப் பின்னிய தங்கை, தான் போட்ட கண்ணிகளை எண்ணிப் பார்க்கிறாள். நான்கு கண்ணி விட்டுப் பின்னியது அவளுக்கு நினைவிருக்கிறது. எண்ணிக்கை ஒத்துவிடுகிறது. அந்த எண்ணிக்கையிலே அண்ணன் இறந்துபோகிறான்.

இவ்விடத்தைப் படித்தபோதுதான் இந்நாடகத்தை நாம் மேடையேற்றியே தீரவேண்டும் என்று துணிந்தோம். பார்சல் அலுவலகத்தில் உரிமை கோராத மூட்டைகள் வந்து கிடப்பதுண்டு. சீட்டு கிழிந்திருக்கும், பெயர் மழையில் கரைந்திருக்கும். உடையவர் வருவார். "எங்கள் மூட்டையில் பழைய பச்சைப் புடைவைக் கிழிசலால் வாய் கட்டியிருக்கும், முடிச்சு இரண்டு போட்டிருப்பாள் என் மனைவி" என்பார். பார்த்தால் அவ்வாறே இருக்கும். பொருளை அறிவது முத்திரையால் அன்று, கையால். வீட்டிலுள்ளவர் கை எதிற் பட்டதோ அதை வீட்டிலுள்ளவர் கண் அறிந்துகொள்ளும். எழுத்தராகிய நாம் நாள்தோறும் காணும் இந்தச் சிறு உண்மையைச் சிஞ்ச் ஒரு சாவின்மேல் வைத்துக் காட்டினார்.

நிற்க. இஃது அயல்நாட்டுக் கதையாயிற்றே, தமிழர்க்கு இதில் என்ன உறவு என்று சிலர் வினவலாம். கடலையும் இரங்கலையும் ஒருசேர வைத்து இலக்கணம் செய்தவர்கள் நம் முன்னோர் அன்றோ? குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்திற்கு ஊடல், பாலைக்குப் பிரிதல், நெய்தலுக்கு இரங்கல் என்று உரிப்பொருள் வகுத்தார்கள். நெய்தலின் சிறுபொழுது எற்பாடு, அதாவது கதிரவன் சாயும் நேரம்; போனவர் திரும்ப வேண்டிய நேரம். நெய்தல் நிலத்திற்குரிய பண் செவ்வழி, யாழ் விளரி. சாவு வீட்டில் ஒலிக்கும் பறைக்கு நெய்தற் பறை என்றே பெயர். ஆகவே கடற்கரையில் நின்று வருந்தும் பெண்ணின் பாட்டை உலகிற்கு முதலிற் பெயரிட்டு வைத்தவர்கள் நாமே என்று கூறினும் மிகையாகாது.

மணிமேகலையிலே ஆதிரையின் வரலாறு உண்டு. அவள் கணவன் சாதுவன் பொருள் தேடிக் கலமேறுகிறான், கலம் கவிழ்கிறது. அவன் மாண்டான் என்று உடன் சென்று பிழைத்தோர் வந்து சொல்லுகின்றனர். ஆதிரை தீப்பாய்கிறாள், தீ அவளைச் சுடவில்லை. சாதுவன் ஒடிந்த பாய்மரத்தைப் பற்றி நாகர் மலையிற் கரையேறியவன், பின்னர் வேறொரு கலத்தில் ஊர் வந்து சேர்கிறான். தியாகராச சுவாமிகள் தெலுங்கில் இயற்றிய 'நௌகா சரித்திரம்' என்னும் இசை நாடகத்திலும், யமுனையாற்றில் ஓடம் புயலிற் சிக்குகிறது. கோபியர் கண்ணனைச் சரணடைகின்றனர். ஓடம் கரை சேர்கிறது. நம் கதைகள் பலவும் இவ்வாறு கரை சேரும் கதைகளே.

ஈழத்துக் கவிஞர் மகாகவி, 1927-இல் பிறந்து 1971-இல் மறைந்தவர், 'புதியதொரு வீடு' என்னும் பா நாடகத்தில் ஒரு மீனவக் குடும்பத்தை நிறுத்துகிறார். அங்கும் கடலிற் போனவன் திரும்பி வருகிறான். ஆனால் அவன் மாண்டான் என்றே கொண்டு குடும்பம் தன் வாழ்வைத் திருத்தி அமைத்துக்கொண்ட பிறகு வருகிறான். வருகை என்பதும் ஒரு புயலாகலாம் என்று அவர் காட்டினார்.

இவையெல்லாம் திரும்பி வந்தோர் கதை. திரும்பி வாராதவன் வீட்டின் கதையை யார் பாடுவது? அவ்வீட்டிலும் விளக்கு ஏற்ற வேண்டும். அடுப்பு மூட்ட வேண்டும். மாவு பிசைய வேண்டும். சிஞ்சின் நாடகம் தொடங்கும்போது ஒரு பெண் மாவுதான் பிசைந்துகொண்டிருக்கிறாள்.

இனி, இதனை மேடைக்குக் கொணர்ந்த வகையைச் சுருங்கக் கூறுவோம். இலண்டன் இசையை நாம் எடுத்தாளவில்லை. அதன் முறையை மட்டுமே எடுத்துக்கொண்டோம். நம் பழைய இசை நாடகங்களைப் பெரியவர்கள் அறிவீர்கள். சங்கரதாசு சுவாமிகள் வகுத்துத் தந்த வள்ளி திருமணமும் கோவலனும் பவளக்கொடியும் விடிய விடிய நடந்தவை. பாட்டு வந்தால் கதை நிற்கும். அவையோர் "ஒன்ஸ்மோர்" என்றால், மாண்டு கிடந்தவனும் எழுந்து மீண்டும் ஒருமுறை பாடி மாண்டுபோவான் என்று வேடிக்கையாய்ச் சொல்வார்கள். அந்த மரபை நாம் இகழவில்லை, அதிலேதான் வளர்ந்தோம். ஆனால் இந்நாடகத்திற்கு அஃது ஒவ்வாது. வாகன் வில்லியம்ஸ் பேச்சின் ஏற்ற இறக்கத்தையே பாட்டாக்கினார். "கதவைச் சாத்து" என்பது எவ்வாறு பேசப்படுமோ அவ்வாறே பாடப்பட வேண்டும். நாமும் அவ்வாறே செய்ய முயன்றோம். முகாரியும் புன்னாகவராளியும் ஆங்காங்கே தலைகாட்டும்; ஆலாபனை இராது. ஆர்மோனியம், வயலின், மிருதங்கம், ஒரு புல்லாங்குழல். இவ்வளவே பக்க இசை.

தாய் வேடத்திற்கு நாம் தேடியது இனிய குரலை அன்று. இலண்டன் நாடகத்திலும் தாய்க்கு மிகத் தாழ்ந்த பெண்குரலே வகுக்கப்பட்டது. நம் குழுவில் தாயாக நடிக்கும் அம்மையார் சங்கீதம் பயின்றவர் அல்லர். ஊரில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர். சுருதிப் பெட்டியைக் கண்டு முதலில் அஞ்சினார். "பாட வேண்டா அம்மா, சொல்லுங்கள்" என்றோம். சொன்னார். பயிற்சி அறையில் அன்று எவரும் பேசவில்லை.

மூலத்தில் மேடைக்குப் பின்னின்று பெண்கள் சொல்லில்லாமல் குரலெழுப்புவார்கள். அயர்லாந்துப் பெண்களின் ஒப்பாரி அது. அதனை மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை. நம் பெண்களும் அவ்வாறே எழுப்புகிறார்கள். இரு நாட்டிற்கும் இடையே எத்தனையோ கடல் இருக்கின்றன. அக்குரல் ஒன்றாகவே இருக்கிறது.

கதையின் இடத்தை மட்டும் குமரிக் கடற்கரைக்கு மாற்றினோம். இதிலும் வலிந்து பொருத்த வேண்டியது மிகக் குறைவாகவே இருந்தது. ஆரன் தீவினர் கத்தோலிக்கர். நம் முத்துக்குளித்துறையிலும் குமரிக் கரையிலும் பதினாறாம் நூற்றாண்டு முதலே மாதா கோயில்கள் உள்ளன. ஆதலின் தாய் தெளிக்கும் தீர்த்தம் அப்படியே நின்றது, பலகையும் நின்றது. அப்பம் கட்டுச்சோறாயிற்று. குதிரை போய் வள்ளம் வந்தது. காலுறை நம் மீனவர்க்கு இல்லை. ஆகவே, சட்டைப் பையின் கிழிசலை நீல நூலால் தைத்துவந்த தங்கை, நூல் தீர்ந்துபோனதால் கடைசி நான்கு தையலை மஞ்சள் நூலால் போட்டாள் என்று வைத்துக்கொண்டோம். அந்த நான்கு மஞ்சள் தையலைக் கடைசி வரிசையில் அமர்ந்திருப்போர் காண இயலாது. காண வேண்டுவது தையலை அன்று. அதைக் காணும் தங்கையின் முகத்தை.

கடலுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பெங்களூர் கடல் மட்டத்தினின்று ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருப்பது. அல்சூர் ஏரியைத்தான் நம் பிள்ளைகள் பெருநீராகக் கண்டிருக்கிறார்கள். நீலத் துணியை இருபுறமும் பிடித்து அசைக்கலாம் என்றார் ஒருவர்; திரைப்படக் கருவியால் அலையைக் காட்டலாம் என்றார் மற்றொருவர். இரண்டையும் விலக்கினோம். பிறகு, குழுவைச் சேர்ந்த ஒரு பெண்மணி முறத்தில் இரண்டு படி கேழ்வரகை இட்டு மெல்லச் சாய்த்துக் காட்டினார். அலை வந்து மணலிற் படிந்து திரும்பும் ஓசை எழுந்தது! கன்னட நாட்டுத் தானியம் தமிழ் முறத்தில் கடலாயிற்று. இன்று திரைக்குப் பின்னே நீங்கள் கேட்கப்போகும் கடல் அதுவே. நாடகம் முடிந்தபின் அந்தக் கேழ்வரகு வீணாகாது, களியாகும்.

முடிவைப் பற்றித்தான் பெரும் விவாதம் நிகழ்ந்தது. "கடைசி மகனையாவது பிழைக்க வைத்துவிடுங்கள், ஒரு மகன் மிஞ்சினால் நாடகம் கெட்டா போகும்?" என்று நம் குழுவினரே சிலர் இரந்து கேட்டனர். மூன்று வாரம் இதிலே கழிந்தது. ஆதிரையின் கணவன் வந்தானே என்று இலக்கியச் சான்றும் காட்டினர். இறுதியில் குமரி மாவட்டத்துக் கடற்கரையிற் பிறந்து இங்கே பணிபுரியும் நண்பர் ஒருவர் எழுந்து, "எங்கள் ஊரில் வாராதவன் வரவில்லை, நாடகத்தில் மட்டும் ஏன் வரவேண்டும்?" என்றார். அதற்குமேல் எவரும் பேசவில்லை. முடிவு மாறாமல் நின்றது.

2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களினின்று ஆழ்கடலுக்குச் சென்றோர் பலர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைத்தாற் சாவு. கிடைக்காவிட்டால் அது யாது? சட்டம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒருவரைப் பற்றி இயல்பாகச் செய்தி அறியவேண்டியவர்கள் ஏழாண்டு ஒன்றும் அறியவில்லையெனில், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. பேரிடர்க் காலங்களில் அரசு தனி ஆணைகளால் இக்காலத்தைச் சுருக்குவதும் உண்டு. எழுத்தர்களாகிய நாம் சான்றிதழின் தேவையை அறிவோம். சான்றிதழ் இன்றி ஓய்வூதியமும் காப்பீடும் வீட்டுப் பத்திரமும் அசையா. ஆயினும் ஏழாண்டின் கடைசி நாளிரவு அவ்வீட்டுத் தாய் கதவைத் தாழிட்டுவிடுவாளா என்று கேட்டுப் பாருங்கள். அக்கேள்விக்கு எந்தக் கோப்பிலும் விடையில்லை. நாடகத்தில் அந்தத் தங்கை தையலை எண்ணுவது ஏன் அத்தனை பெரிய செயல் என்பது அப்போது விளங்கும். எண்ணிக்கை ஒத்துவிட்டால் நம்பிக்கை போகும். ஒவ்வாவிட்டால் உறக்கம் போகும்.

இரயில்வேக் குடும்பத்தினருக்கும் இத்துயரம் புதிதன்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பயணி வண்டியைப் புயலலை விழுங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் அதிலே மாண்டனர்; வண்டியை ஓட்டிச் சென்ற தொழிலாளரும் அவர்களோடு மாண்டனர். 1988-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், இந்தப் பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்குப் புறப்பட்ட ஐலண்டு எக்ஸ்பிரஸ், கொல்லத்திற்கு அருகே பெருமண் பாலத்தில் தடம்புரண்டு அட்டமுடிக் காயலில் வீழ்ந்தது. 105 பேர் உயிரிழந்தனர். நிலத்தில் ஓடும் வண்டியும் நீரில் முடியலாம் என்று அன்று கண்டோம். கடலோடிக் குடும்பம், இரயில்வேக் குடும்பம் என்று துயரம் பிரித்துப் பார்ப்பதில்லை.

இங்குத்தான் நம் விடையின் நெஞ்சுக்கு வருகிறோம். இந்நாடகம் மீனவர்க்கு மட்டும் உரியதா? அன்று. இஃது ஊரைவிட்டு வந்தவர் அனைவர்க்கும் உரியது. 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு இருப்புப்பாதை வந்த நாள்முதல் எத்தனை தலைமுறைத் தமிழர் அவ்வழியே வந்து இறங்கினர்! தறிக்கு வந்தோர், தண்டுக்கு வந்தோர், ஆலைக்கு வந்தோர், இன்று கணிப்பொறிக்கு வருவோர் என்று வரிசை நீளுகிறது. வந்தவர் எல்லோரும் ஊரில் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டே வந்தோம்.

பயணச்சீட்டுச் சாளரத்தில் பணியாற்றியவர்கள் இதனை நன்கு அறிவர். இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் வருவார். கையில் பை இராது. காலில் வீட்டுச் செருப்பு இருக்கும். "நாகர்கோயில்" என்பார், அல்லது "தஞ்சாவூர்" என்பார். எதற்கு என்று கேட்கத் தேவையில்லை, முகமே சொல்லிவிடும். இடமில்லை என்று சொல்ல வேண்டிய நாவு எழாது. அவர் நின்றுகொண்டே பயணம் செய்து போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். சாம்பல் இருக்கும், அல்லது புதுமண் இருக்கும். தாயின் கடைசிப் புடைவையை அக்காள் எடுத்துக் கொடுப்பாள். அதன் ஓரத்துத் தையலை அவர் விரலால் தடவிப் பார்ப்பார். அன்பர்களே! அவர் யார்? அவரும் மூட்டையை அவிழ்த்துத் தையலை எண்ணுபவர்தாம். முகம் காணாமல், பொருள் கண்டு இழப்பை அறிவது கடலோடிக் குடும்பத்தின் விதி. அதுவே குடிபெயர்ந்தோர் விதியுமாகும்.

அவர் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, பெங்களூரிலே தம் மேசைமுன் அமர்வார். உடன் பணிபுரிவோர் நல்லவர்களே. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஆறுதல் சொல்லுவார்கள். ஆனால் தம் தாயைத் தம் மொழியில் அழுவதற்கு அவர் எங்கே போவார்? வாடகை வீட்டில், சுவருக்கு அப்பால் பிறர் குடியிருக்க, வாய்விட்டு அழுதல் இயலுமோ? பிறந்தநாளுக்கு மண்டபம் கிடைக்கும். திருமணத்திற்கு மண்டபம் கிடைக்கும். அழுகைக்கு மண்டபம் யார் தருவார்? சங்கமே தரவேண்டும். தமிழ்ச் சங்கம் என்பது தமிழிற் சிரிப்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று; தமிழில் அழுவதற்கும் ஏற்பட்டது.

விழாவும் துயரமும் ஒன்றையொன்று ஒழிக்க வேண்டியவை என்ற எண்ணம் நமக்கு உடன்பாடன்று. மணிமேகலையில் மற்றொரு செய்தி உண்டு. சோழ மன்னன் நெடுமுடிக்கிள்ளியின் குழந்தை கலத்தில் வரும்போது கலம் உடைந்து, குழந்தை கடலிற் காணாமற் போயிற்று. மன்னன் கரையெங்கும் தேடி அலைந்தான். தேடலிலே இந்திர விழாவை மறந்தான். விழா மறந்த சாபத்தாற் புகார் நகரைக் கடல் கொண்டது என்கிறது காப்பியம். தெய்வத்தின் சினம் என்று அதனைக் கொள்வோர் கொள்ளட்டும். நமக்குத் தோன்றுவது வேறு. மன்னனின் துயரம் ஓரிடத்திலும், நகரின் விழா வேறிடத்திலும் பிரிந்து நின்றன. மன்னன் தன் இழப்பைத் தனியே சுமந்து கரையில் அலைந்தான். அவனோடு அமர்ந்து இரங்க ஓர் அவை இல்லை. விழாவுக்குள் இரங்கலுக்கு ஒரு நாழிகை ஒதுக்கப்பட்டிருந்தால், மன்னனும் விழாவுக்கு வந்திருப்பான், விழாவும் நின்றிருக்காது. ஆண்டு விழாவில் அழுகை எதற்கு என்ற கேள்விக்கு நம் விடை இதுவே: அழுகைக்கு இடமுள்ள விழாவுக்குத்தான் எல்லோரும் வருவார்கள். இடமில்லையெனில், துயருற்றவன் தன் வீட்டிலேயே தங்கிவிடுவான். வந்திருப்போர் குறைந்துகொண்டே போவர்.

இவ்வாறு கூறுவதனால் இன்றைய மாலை முழுதும் துயரமே என்று அஞ்ச வேண்டா. சிறுவர் நடனமும் நகைச்சுவை உரையும் முன்னரே நடந்தன; நாடகத்திற்குப் பின் விருந்து உண்டு. நாடகமோ நாற்பது நிமிடந்தான். மூன்றரை மணி நேர விழாவில் நாற்பது நிமிடத்தை, ஊரிலும் கடலிலும் நாம் இழந்தவர்களுக்கு ஒதுக்குகிறோம், வேறொன்றுமில்லை.

அவையோரிடம் மூன்று வேண்டுகோள் உண்டு. முதலாவது, நடுவிற் கைதட்ட வேண்டா. பாட்டு நன்றாயிருப்பினும் வேண்டா. இரண்டாவது, குழந்தைகள் "கடல் எங்கே?" என்று கேட்டால் அதட்டாதீர்கள், முறத்தின் ஓசையைக் கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது, உங்களருகில் அமர்ந்திருப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். சிறிது நகர்ந்து தோளருகே அமருங்கள். அது போதும்.

நாடகத்தின் கடைசியில் தாய் தீர்த்தத்தை எடுத்துத் தன் மகனுக்கு மட்டும் தெளிப்பதில்லை. மாண்டார் அனைவர்க்கும், உயிரோடு எஞ்சி இருப்போர் அனைவர்க்கும் அருள் வேண்டுகிறாள். தன் வீட்டில் ஆணொருவனும் மிஞ்சாத அந்நேரத்தில், பிறர் வீட்டை அவள் நினைக்கிறாள். அந்த நினைவை நமக்குள் ஒரு துளியேனும் இந்நாடகம் ஊட்டுமானால், ஆறு திங்கள் நாம் பட்ட பாடு வீணாகாது.

 விளக்கைக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம். திரை விலகட்டும்.